மாடியில் ஒரு ரூம் போடப் போகிறீர்களா?

"இடம் பத்தலைங்க. மேலே ஒரு ரூம் எடுத்துட்டா நிம்மதி!"

இந்த வார்த்தையைச் சொல்லாத குடும்பம் உண்டா? பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் மேலே ஒரு ரூம். பெண் பிளஸ் டூ படிக்கிறாள் என்றால் மேலே ஒரு ரூம். இல்லையென்றால் பின்பக்கம் கொஞ்சம் இழுத்து ஒரு பெட்ரூம். மேஸ்திரியைக் கூப்பிடுகிறோம், கம்பி எவ்வளவு, சிமெண்ட் எத்தனை மூட்டை என்று கணக்குப் போடுகிறோம், நல்ல நாள் பார்க்கிறோம். ஆனால் அந்த ரூமுக்குள் மே மாதம் ராத்திரி பத்து மணிக்கு எவ்வளவு சூடு இருக்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

என் பெரியப்பா வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. ஒரு கிரவுண்டு மனையில் கீழ்த்தளம் மட்டும் இருந்த வீடு. பேரன் படிப்பதற்காக மொட்டை மாடியில் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு ரூம் போட்டார்கள். முதல் கோடையிலேயே பையன் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டான். "எனக்கென்னடா, நான் ஒத்தக்கட்டை மாதிரி. மேலே படுத்துக்கறேன், நீ கீழே படி" என்று பெரியப்பா மேலே போனார். அவருக்கு வயது 74. பிளட் பிரஷருக்கு மாத்திரை, அதோடு சிறுநீர் பிரிய ஒரு மாத்திரை. ராத்திரி எழுந்து பாத்ரூம் போவதற்காகப் படி இறங்கணுமே என்று சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டார்! பத்தாவது நாள் காலையில் பெரியம்மா காபி கொண்டுபோனால், மனுஷர் இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். உடம்பில் நீரும் உப்பும் இறங்கிப்போயிருந்தது. பிழைத்தது அதிர்ஷ்டம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எந்த ரூமில் படுத்திருந்தார்?"

வயதானவர்களுக்கு ஏன் இப்படி ஆகிறது? வயது ஏற ஏற வியர்ப்பது குறைகிறது, தாகமும் சரியாகத் தெரிவதில்லை. சிறுநீர் மாத்திரை, சில மனநல மாத்திரைகள், சில அலர்ஜி மாத்திரைகள் இந்த நிலையை இன்னும் மோசமாக்கும். (இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கோடை வருவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்.) பகலில் வெயிலில் அலைந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். ராத்திரியும் உடம்பு ஆறவில்லை என்றால் அடுத்த நாள் சூடு அதன் மேல் ஏறி உட்காருகிறது. உடல் சூடு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் போய், பேச்சு குழறினால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடனே உடம்பை நனைத்துக் காற்று வீசிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது சும்மா இல்லை.

கோடையில் பகலில் ரூமை 32 டிகிரி செல்சியசுக்குக் கீழும், ராத்திரி 24-க்குக் கீழும் வைத்துக்கொள்ளப் பாருங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னையில் மே மாத ராத்திரி 24 டிகிரியா? வெளியிலேயே அது இல்லை, உள்ளே எங்கிருந்து வரும்! ஆனால் வெளியே 29 இருக்கும்போது உள்ளே 35 இருப்பது இயற்கையின் தவறு இல்லை. அது நாம் கட்டியது.

தலைக்கு மேல் இஸ்திரிப் பெட்டி

மேலே ரூம் போட்டால் கீழ் ரூம் குளிர்ந்துவிடும், கவனித்திருக்கிறீர்களா? கீழ் ரூமின் தளத்துக்கு நிழல் கிடைத்துவிட்டது. அந்த வெயில் எங்கும் போய்விடவில்லை. அதை அப்படியே ஒரு மாடி மேலே தூக்கி வைத்துவிட்டோம். யாரை மேலே அனுப்புகிறோமோ அவர் தலையில்.

கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூடு ஆறு அங்குலம் கடந்து அடிப்பக்கம் வந்து சேர சில மணி நேரம் ஆகும். அதனால்தான் மத்தியானம் சுமாராக இருக்கிற ரூம், ராத்திரி சாப்பிட்டு வந்து படுக்கும்போது கொதிக்கிறது. ஃபேன் போட்டால் தளத்தை ஒட்டியிருக்கும் சூட்டுக் காற்றை வாரி நம் மேல் கொட்டுகிறது. ரூம் 40 டிகிரிக்கு மேல் போய்விட்டால் ஃபேன் உடம்பை ஆற்றுவதற்குப் பதில் சூடாக்கும் என்றே உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

எவ்வளவு சூடு இறங்குகிறது? இதற்கு இன்ஜினீயர்கள் 'யு வேல்யூ' என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். பயப்படாதீர்கள், சுலபம்தான். வெளியே ஒரு டிகிரி சூடு அதிகமாக இருந்தால், ஒரு சதுர மீட்டர் தளத்தின் வழியாக எத்தனை வாட் வெப்பம் உள்ளே வரும் என்பதுதான் அந்த எண். குறைய குறைய நல்லது. வெறும் ஆறு அங்குல கான்கிரீட்டுக்கு அது 3.3-ஐ ஒட்டி வரும். அதன் மேல் நம் ஊர் வழக்கப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு, தட்டோடு பதித்தால் 2.4 பக்கத்தில் இறங்கும்.

பெரியப்பாவின் ரூமையே எடுத்துக்கொள்ளுங்கள். 120 சதுர அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர். மொட்டை மாடித் தரை வெயிலில் 60 டிகிரியைத் தொடுகிறது, உள்ளே 35 என்று வையுங்கள். வெறும் கான்கிரீட் வழியாக இறங்குவது, தோராயமாக, ஆயிரம் வாட். ஒரு இஸ்திரிப் பெட்டியை ஆன் பண்ணித் தலைக்கு மேல் கட்டித் தொங்கவிட்ட கணக்கு! ஏ.சி. வாங்கி மாட்டினால், அந்த இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கு நிற்கத்தான் பாதி கரண்ட் பில்.

இதற்கு விதி ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் (பி.இ.இ. என்பார்களே, ஃப்ரிட்ஜில் ஸ்டார் ஒட்டுகிற அதே செயலகம்தான்) 2018 டிசம்பரில் வீடுகளுக்கென்றே ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. பெயர், 'எகோ நிவாஸ் சம்ஹிதா'. கூரை, சுவர், ஜன்னல் பற்றியது முதல் பகுதி. லிஃப்ட், பம்பு, விளக்கு, சோலார் பற்றிய பகுதி 2021-ல் வந்தது.

ஆனால் ஒரு விஷயம். 500 சதுர மீட்டர், அதற்கு மேற்பட்ட மனைகளைத்தான் இந்த விதி பிடித்துக்கொள்கிறது. அதாவது சுமார் இரண்டேகால் கிரவுண்டு. மாநிலங்கள் விரும்பினால் இந்த அளவைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறது. ஒரு கிரவுண்டு, அரை கிரவுண்டில் வீடு கட்டிக்கொண்டு மேலே ரூம் எடுக்கிற உங்களையும் என்னையும் அந்த மத்திய அளவு தொடாது. செட்பேக் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்பதற்கு பிளான் காட்டி அப்ரூவல் வாங்க வேண்டும். தளம் எவ்வளவு சூட்டை உள்ளே விடும் என்பது நம் பொறுப்பிலேயே இருக்கிறது.

இங்கிலாந்தில் அப்படி இல்லை. லண்டனில் மகனோ மகளோ இருக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பின்பக்கம் ஒரு கிச்சன் இழுத்துக் கட்டினாலும் சுவரின் எண் 0.18-ஐத் தாண்டக் கூடாது, கூரை 0.15-ஐத் தாண்டக் கூடாது. 2022 ஜூனிலிருந்து அங்கே இதுதான் அளவு. பழைய கூரையில் பாதிக்கு மேல் பிரித்துச் செப்பனிட்டால், "கையோடு வெப்பத்தடுப்பும் போடு" என்கிறது விதி. அந்தச் செலவு 15 வருஷத்துக்குள் திரும்பி வராது என்று காட்டினால்தான் தளர்வு. அவர்களுக்குப் பிரச்சினை குளிர், நமக்கு வெயில். ஆனால் யோசனை ஒன்றுதான். வீட்டில் எப்படியும் கை வைக்கிறாய், அப்போதே இதையும் செய்துவிடு, பிறகு செய்தால் செலவு இரட்டிப்பு.

சட்டம் நம்மைப் பிடிக்காவிட்டால் என்ன, அதிலிருக்கும் எண்களை நாம் பிடித்துக்கொள்ளலாமே! மேஸ்திரியிடமும் இன்ஜினீயரிடமும் "சூடு வராம கட்டுங்க" என்றால் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்பார்கள். எண்ணைச் சொன்னால்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

கூரைக்கு அந்த எண் 1.2. இதற்கு மேல் போகக் கூடாது என்கிறது நம் விதி. வெறும் கான்கிரீட்டில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். எட்டாக்கனி இல்லை. தளத்தின் மேல் வாட்டர் ப்ரூஃபிங் முடிந்ததும், கெட்டியான தெர்மோகோல் போல ஒரு அட்டை கிடைக்கிறது, எக்ஸ்.பி.எஸ். போர்டு என்று கேளுங்கள். ஒரு அங்குல கனம் இருந்தாலே, சுருக்கியோடு சேர்த்து 1.2-க்குக் கீழே வந்துவிடும். அதன் மேல் சிமெண்ட் கலவை, அதன் மேல் வெள்ளை டைல்ஸ். உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டுகளைப் பதித்தாலும் சரி. மழைத்தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓடும்படி வாட்டம் மட்டும் தப்பக் கூடாது. பெரியப்பா ரூமின் ஆயிரம் வாட், இப்படிச் செய்தால் 350 வாட் பக்கம் இறங்கும். வெள்ளை டைல்ஸ் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் தரையே 60 டிகிரிக்குப் போகாது, அது தனி லாபம்.

உள்ளே ஃபால்ஸ் சீலிங் போட்டுவிடலாமே என்பார்கள். ஓரளவு குறையும். ஆனால் தளம் மேலே கொதித்துக்கொண்டேதான் இருக்கும். ரூமின் உயரமும் போய்விடும். வெயிலை வாசலிலேயே நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம், கூடத்துக்குள் விட்டபின் விரட்டுவது இல்லை.

"கையில் இப்போ பணம் இல்லையே" என்றால் சுண்ணாம்பு இருக்கிறது. பங்குனி பிறந்ததும் மொட்டை மாடிக்கு இரண்டு கோட் வெள்ளையடியுங்கள், அல்லது கூல் ரூஃப் பெயின்ட். அழுக்கு படிந்தால் பலன் குறையும், வருஷா வருஷம் அடிக்க வேண்டியிருக்கும். மழையில் வழுக்கும், ஜாக்கிரதை.

சிலர் சிக்கனம் என்று ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு ரூமாக்கிவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். ஷீட்டின் அடியில் படுப்பது சூட்டுக்கும் மோசம். அதை அறுக்கும்போதும் துளை போடும்போதும் பறக்கிற நார்த் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியது. ஏற்கெனவே போட்டிருக்கிறீர்களா? நீங்களாக உடைத்துப் பெருக்காதீர்கள்.

சுவர் விஷயம்: மேற்குச் சுவர்தான் எதிரி. சாயங்கால வெயில் சாய்ந்து வருவதால் சன்ஷேடுக்கு அடியில் நுழைந்துவிடும். சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடுகிற வெப்பத்துக்கு, சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட் என்று விதி வரம்பு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை இன்ஜினீயர் போடட்டும். நீங்கள் செய்யக்கூடியது, மேற்கில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைக்காமல் இருப்பது. வைத்துவிட்டால் வெளிப்பக்கம் மூங்கில் தட்டி. உள்ளே தொங்கவிடுகிற கர்ட்டன் அழகுக்குத்தான். வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டது, பிறகு கர்ட்டன் என்ன செய்யும்? மாடிக்குச் சுவர் எழுப்ப ஏ.ஏ.சி. பிளாக் கேட்டுப்பாருங்கள். எட்டு அங்குலச் சுவர், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் விடுகிற வெப்பத்தில் பாதிக்கும் குறைவாகவே விடும். எடையும் குறைவு, பழைய அஸ்திவாரத்துக்கு நல்லது. அஸ்திவாரம் தாங்குமா என்பதை மட்டும் மேஸ்திரி வாய்வார்த்தைக்கு விடாமல் இன்ஜினீயரிடம் எழுதி வாங்குங்கள்.

காற்று எங்கே?

சூட்டை நிறுத்திவிட்டோம். காற்று வர வேண்டாமா? இதில்தான் நாம் ரொம்ப ஏமாறுகிறோம்.

சென்னை போலப் புழுக்கம் அதிகமான ஊர்களுக்கு, வீட்டின் கார்பெட் ஏரியாவில் ஆறில் ஒரு பங்கு திறக்கக்கூடிய ஜன்னல், வென்டிலேட்டர், வெளிக்கதவு இருக்க வேண்டும் என்கிறது விதி. சரியாகச் சொன்னால் 16.66 சதவீதம். வீடு முழுவதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஆனாலும் புது ரூமுக்குத் தனியாகப் போட்டுப் பாருங்கள். 120 சதுர அடிக்கு 20 சதுர அடி வேண்டும்.

இப்போதைய ஃபேஷன் சறுக்குக் கண்ணாடி ஜன்னல். நாலுக்கு நாலு வைத்தால் 16 சதுர அடி ஆச்சே, கிட்டத்தட்ட வந்துவிட்டதே என்று தோன்றும். இரட்டைப் பலகைச் சறுக்கு ஜன்னல் எப்போதும் பாதிதான் திறக்கும். விதியும் அதை ஐம்பது சதவீதம் என்றே கணக்கில் எடுக்கிறது. ஆக உங்களுக்குக் கிடைப்பது 8 சதுர அடி! அதே இடத்தில் நம் தாத்தா காலத்து இரண்டு கதவு ஜன்னல் வைத்தால் 90 சதவீதம் திறக்கும், 14 சதுர அடிக்கு மேல் கிடைக்கும். எதிர்ச் சுவரில் இன்னொன்று வைத்தால் கணக்கும் நேராகும், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறவும் வழி கிடைக்கும். மொட்டை மாடிப் பக்கம் திறக்கிற கதவும் கணக்கில் வரும்தான். ஆனால் ராத்திரி திருட்டுப் பயத்தில் அதைத்தானே முதலில் மூடுகிறோம்? வெளியே ஒரு கிரில் கேட், உள்ளே கொசுவலைக் கதவு போட்டால் திறந்து வைத்துத் தூங்கலாம். கொசுவலை காற்றைக் கொஞ்சம் தடுக்கும். டெங்குவுக்கு அது பரவாயில்லை.

மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு ஹெட்ரூம் இருக்கும் அல்லவா? அதன் உச்சியில் மழை உள்ளே வராத மாதிரி சாய்வுப் பலகை வைத்த வென்டிலேட்டர் வைக்கச் சொல்லுங்கள். சூட்டுக் காற்று தானாக மேலே ஏறி வெளியேறும். கரண்டே வேண்டாம்.

பின்பக்கம் இழுத்துக் கட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பிரச்சினை காத்திருக்கிறது. பழைய பெட்ரூமின் ஜன்னல் இனிமேல் புது ரூமுக்குள் திறக்கும். அதாவது நேற்று வரை வெளிச்சமும் காற்றுமாக இருந்த ரூம், இன்றையிலிருந்து நடு ரூம். பகலில் லைட் போடணும். துணி காயாது. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. அந்த ரூமை யாருக்குக் கொடுப்போம்? பாட்டிக்கு, இல்லையென்றால் கைக்குழந்தையோடு பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு! பூஞ்சை ஆஸ்துமாவைக் கிளப்பும். காற்றோட்டம் இல்லாத ரூமில் காச நோய்க் கிருமியும் வெகு நேரம் சுற்றிக்கொண்டிருக்கும், ஒருவர் இருமினால் எல்லாருக்கும் ஆபத்து.

மேலே சொன்ன இங்கிலாந்திலேயே இந்தப் பாடம் கொடூரமாகக் கிடைத்தது. ராச்டேல் என்ற ஊரில், பூஞ்சை பிடித்த அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த 2 வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் மூச்சுத் திணறலில் இறந்தது. நீண்ட நாள் பூஞ்சையைச் சுவாசித்ததே காரணம் என்று 2022-ல் விசாரணை முடிவு சொன்னது. அதற்குப் பிறகு வாடகைக் குடியிருப்புகளில் பூஞ்சையைக் கவனிக்கச் சட்டமே போட்டார்கள். அங்கே ஜன்னலை மாற்றினாலும் ரூமின் காற்றோட்டம் முன்பு இருந்ததைவிடக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. ரூம் கூட்டுகிற நாமும் அந்த ஒரு வரியைச் சொந்த விதியாக வைத்துக்கொள்ளலாம்.

வழி இல்லாமல் இல்லை. பழைய ஜன்னலுக்கும் புது ரூமுக்கும் நடுவே மூன்று நாலு அடி வானம் பார்த்த இடமாக விடுங்கள். பழைய வீட்டு முற்றத்தின் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். துளசி மாடமும் துணிக்கொடியும் அங்கே போகட்டும். இடம் போகிறதே என்று வீட்டில் சண்டை வரும். போகட்டும், நாற்பது சதுர அடி போனால் ஒரு ரூம் பிழைக்கிறது.

பெரியப்பா வீட்டில் இதெல்லாம் ரூம் கட்டி முடித்த பிறகுதான் யோசித்தார்கள். தட்டோடு பெயர்த்து, போர்டு பதித்து, வெள்ளை டைல்ஸ் போட்டு, சறுக்கு ஜன்னலைக் கழற்றிக் கதவு ஜன்னல் வைக்க, ஆரம்பத்திலேயே செய்திருந்தால் ஆகிற செலவைப் போல இரண்டு பங்கு ஆனது. பேரன் மறுபடி மேலே போய்விட்டான். பெரியப்பா கீழ் ரூமில், தலைமாட்டில் சொம்பு நிறையத் தண்ணீரோடு படுக்கிறார். பெரியம்மாவுக்கு மட்டும் ஒரு குறை: "முன்னே தரை சுட்ட சூட்டுக்கு ஒரே நாளில் வடாம் காயும். இப்போ ரெண்டு நாள் ஆகுது!"